வீட்டிலிருந்தே இணைய வருமானம்: உண்மை எது, மாயை எது?

“வீட்டில் இருந்தபடியே இணையத்தளம் மூலம் மாதம் இலட்சம் ரூபா உழைக்கலாம்!” இந்த வாசகத்தை இன்று காணாத பெண்கள் எம்மில் குறைவு. பஸ் தரிப்பிடத்துச் சுவரில் ஒட்டியிருக்கும். கையடக்கத் தொலைபேசிக்குச் செய்தியாக வரும். சில வேளைகளில் நன்கு தெரிந்த ஒருவரே வீடு தேடி வந்து சொல்லுவார். வீட்டுச் செலவைச் சமாளிக்க ஒரு வழி கிடைக்காதா என்று ஏங்கும் பெண்ணுக்கு இந்த வார்த்தைகள் தேனாக இனிக்கும்.

இதில் உண்மையும் இருக்கிறது, பொய்யும் இருக்கிறது. சிறு இணையத்தளம் ஒன்றில் விளம்பரம் இட்டுப் பணம் பெற முடியும் என்பது உண்மை. அது விரைவாகவும் பெருந்தொகையாகவும் உழைப்பின்றியும் வரும் என்பது பொய். இரண்டையும் பிரித்தறியத் தெரியாததாலேயே எமது சகோதரிகளில் ஒரு சாரார் இருந்த பணத்தையும் இழக்கின்றனர். இன்னொரு சாரார், கிடைக்கக்கூடிய சிறு வருமானத்தையும் பயத்தினால் தவறவிடுகின்றனர்.

நான் இருபத்தாறு வருடங்கள் ஆரம்பப் பிரிவு ஆசிரியையாகக் கடமையாற்றி ஓய்வு பெற்றவள். 2018ஆம் ஆண்டு முதல் சிறியதோர் இணையத்தளத்தை நடத்தி வருகிறேன். தரம் 3 தொடக்கம் தரம் 5 வரையான பிள்ளைகளுக்குரிய தமிழ்ப் பயிற்சித் தாள்களை நானே தயாரித்து அதில் இடுகிறேன். எவரும் இலவசமாகப் பெற்று அச்சிட்டுக்கொள்ளலாம். பக்கத்தின் ஓரத்தில் வரும் விளம்பரங்களால் எனக்கு ஒரு சிறு வருமானம் கிடைக்கிறது. அந்த அனுபவத்தையும், இத்தொழில் நடக்கும் விதத்தையும் உள்ளபடி இங்கே எழுதுகிறேன்.

விளம்பரம் எப்படிப் பணமாகிறது?

பத்திரிகையில் வரும் விளம்பரத்துக்குக் கடைக்காரர் பத்திரிகை நிறுவனத்துக்குப் பணம் கொடுக்கிறார் அல்லவா? இணையத்திலும் அதுவே நடக்கிறது. 1994 ஒக்டோபரில் அமெரிக்காவின் ‘ஹொட்வயர்ட்’ என்ற இணைய சஞ்சிகை, பக்கத்தின் மேற்பகுதியில் நீள்சதுர விளம்பரங்களை விற்கத் தொடங்கியது. ஆனால் அக்காலத்தில் பெரிய தளங்களுக்கே விளம்பரம் கிடைத்தது. மூலையிலிருக்கும் சிறு தளத்தை எந்த விளம்பரதாரர் தேடி வருவார்?

இந்த நிலையை மாற்றியது கூகுள் நிறுவனம் 2003 ஜூனில் ஆரம்பித்த ‘அட்சென்ஸ்’ என்ற திட்டம். இதில் கூகுள் ஒரு தரகராக நிற்கிறது. ஒரு பக்கம் விளம்பரம் செய்ய விரும்பும் வணிகர்கள். மறுபக்கம் இடம் வைத்திருக்கும் தளத்தினர். நாம் ஒரு சிறு குறியீட்டை எமது தளத்தில் பொருத்திவிட்டால் போதும். யாராவது எமது பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், கண் இமைக்கும் நேரத்துக்குள் விளம்பரதாரர்களிடையே ஓர் ஏலம் நடக்கும். அதில் வென்றவரின் விளம்பரம் பக்கத்தில் தோன்றும். ஊர்ச் சந்தையில் மீன் கூறு ஏலம் போவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ அதுதான், மீனுக்குப் பதிலாக எமது பக்கத்தின் இடம் ஏலம் போகிறது.

முன்னர் பெரும்பாலும் வாசகர் விளம்பரத்தைச் சொடுக்கினால்தான் பணம். 2023 நவம்பரில் கூகுள் இதில் மாற்றம் அறிவித்து, 2024 தொடக்கத்தில் விளம்பரம் காட்டப்படும் எண்ணிக்கைக்கு ஏற்பப் பணம் கொடுக்கும் முறைக்கு மாறியது. பங்கும் இரண்டு படியாகப் பிரிக்கப்பட்டது. கூகுளின் விளம்பரச் சேவை மூலம் ஒரு வணிகர் 100 ரூபா செலவிடுகிறார் என்று வையுங்கள். அச்சேவை சராசரியாக 15 ரூபாவை எடுத்துக்கொள்ளும். மிகுதி 85 ரூபாவில் 80 சதவீதம், அதாவது 68 ரூபா, தளத்தை நடத்துபவருக்கு வரும்.

தமிழில் எழுதும் எமக்கு முக்கியமான ஆண்டு 2018. அவ்வாண்டு பெப்ரவரியில்தான் அட்சென்ஸ் தமிழ் மொழித் தளங்களை முறைப்படி ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் நல்ல தமிழில் எவ்வளவு எழுதினாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதே வழமை. நான் அந்த ஆண்டு தளத்தை ஆரம்பித்ததற்கும் இதுவே காரணம்.

எவ்வளவு கிடைக்கும்?

எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். நேராகவே சொல்லிவிடுகிறேன். எனது முதல் 100 டொலர் சேர்வதற்குப் பதினான்கு மாதங்கள் சென்றன. முதல் மாத வருமானம் ஒரு டொலரை எட்டவில்லை. இப்போது மாதத்துக்கு 25 முதல் 40 டொலர் வரை வருகிறது. புலமைப்பரிசில் பரீட்சைக்கு முந்திய மாதங்களில் கூடும். பாடசாலை விடுமுறையில் குறையும்.

இந்தத் தொகையைத் தீர்மானிப்பவை மூன்று விடயங்கள். முதலாவது, எத்தனை பேர் வருகிறார்கள் என்பது. பத்துப் பேர் வந்துபோகும் கடைக்கும் ஆயிரம் பேர் வந்துபோகும் கடைக்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கும்.

இரண்டாவது, அவர்கள் எந்த நாட்டில் இருந்து வருகிறார்கள் என்பது. கனடாவிலோ பிரித்தானியாவிலோ உள்ள வாசகருக்கு விளம்பரம் காட்ட வணிகர்கள் கூடிய விலை கொடுப்பர். இலங்கை வாசகருக்குக் கொடுக்கும் விலை குறைவு. எனது தளத்தில் பயிற்சித் தாள்களைப் பெறுவோரில் பெரும்பான்மையினர் எமது நாட்டவர்கள். ஆனால் வருமானத்தில் பாதியளவு, புலம்பெயர்ந்த நாடுகளில் வார இறுதித் தமிழ்ப் பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் மூலம் வருகிறது. டொரன்டோவில் ஒரு தாய் மகளுக்கு ‘ணகர, னகர’ வேறுபாடு சொல்லிக்கொடுக்க எனது தாளைத் திறக்கும்போது, இங்கே பத்துப் பேர் திறப்பதற்குச் சமனான பணம் எனக்குச் சேர்கிறது.

மூன்றாவது, காலம். ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் வணிகர்கள் பண்டிகைக்காக அதிகம் செலவிடுவர். ஜனவரி பிறந்ததும் விலை விழும். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது எனது தளத்துக்கு வருவோர் தொகை பல மடங்காகியது. ஆனால் உலகம் முழுவதும் வணிகர்கள் விளம்பரச் செலவைக் குறைத்ததால் வருமானம் அந்த அளவுக்கு உயரவில்லை. 2022இல் நிலைமை வேறு. மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டும் வந்தது. மின்சாரம் வரும் நேரம் பார்த்து, சில வேளை விடியற்காலை இரண்டு மணிக்கெல்லாம் எழுந்து தாள்களை ஏற்றினேன். அவ்வருடத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டது. அதே 100 டொலர் ரூபாவில் கூடியது. ஆனால் பால்மாவும் எரிவாயுவும் மருந்தும் அதைவிட வேகமாகக் கூடின. எனினும் அந்த மாதங்களில் எங்கள் வீட்டு மருந்துச் செலவைத் தாங்கியது இந்தச் சிறு தொகைதான் என்பதை நன்றியுடன் நினைக்கிறேன்.

கணக்குத் திறப்பது முதல் காசு கைக்கு வருவது வரை

தளம் ஒன்றை ஆரம்பிக்கப் பெரிய முதல் தேவையில்லை. ‘புளொகர்’ போன்ற சேவைகள் இலவசம். சொந்தப் பெயரில் முகவரி வேண்டுமானால் வருடாந்தக் கட்டணம் செலுத்திப் பதியலாம். எமது நாட்டுக்குரிய ‘.எல்கே’ முகவரி உண்டு. 2010 முதல் ‘.இலங்கை’ என்று தமிழிலேயே முடியும் முகவரியும் உண்டு.

தளத்தில் சொந்தமாக எழுதிய ஆக்கங்கள் ஓரளவு சேர்ந்தபின் அட்சென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு கணக்கே அனுமதி. வேறிடத்திலிருந்து பிரதி செய்து போட்ட பக்கங்களை ஏற்கமாட்டார்கள். பழைய பரீட்சை வினாத்தாள்களையும் பிறரது பயிற்சி நூல்களையும் படம்பிடித்து ஏற்றும் தளங்கள் பல உண்டு. அவை பிறருடைய உழைப்பு. அதனால் நான் ஒவ்வொரு தாளையும் புதிதாகவே ஆக்குகிறேன். இரவு ஏழு மணி முதல் ஒன்பது மணி வரை அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறேன்.

கணக்கில் 10 டொலர் சேர்ந்ததும், உங்கள் வீட்டு விலாசம் உண்மையானதா என்று பார்க்க ஓர் இரகசிய எண்ணைச் சாதாரண தபாலில் அனுப்புவார்கள். நான்கு மாதங்களுக்குள் அந்த எண்ணைக் கணக்கில் பதியாவிட்டால் விளம்பரங்கள் நின்றுவிடும். ஆகவே விலாசத்தைத் தபால்காரர் அறிந்தபடி, வீட்டு இலக்கத்துடன் தெளிவாக எழுதுங்கள். சிறிய கடிதம் என்பதால் விளம்பரத் துண்டு என நினைத்து வீட்டார் எறிந்துவிடக்கூடும். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

100 டொலர் சேரும் வரை பணம் வராது. அடுத்த மாதத்துக்குச் சேர்ந்துகொண்டே போகும். சேர்ந்தபின், மறு மாதம் 21ஆம் திகதிக்கும் 26ஆம் திகதிக்கும் இடையில் அனுப்புவார்கள். வங்கிக் கணக்கு இலக்கத்துடன் வங்கியின் சர்வதேசக் குறியீடும் தேவை. கிளை முகாமையாளரிடம் கேட்டால் தருவார். வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கு வங்கி அறவிடும் கட்டணத்தையும் அப்போதே விசாரியுங்கள். சிறு தொகையாக அடிக்கடி எடுத்தால் கட்டணத்துக்கே போய்விடும். பணம் அனுப்பும் எல்லையை நாமே உயர்த்தி வைக்க முடியும். நான் 200 டொலர் சேர்ந்த பின்னரே பெறுகிறேன்.

இதைவிட முக்கியமான ஒன்று: அந்த வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும். எத்தனையோ பெண்கள் உழைக்கிறார்கள், பணம் வேறொருவர் கணக்கில் விழுகிறது. கணவருக்கு மறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எமது உழைப்பின் கணக்கு எமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே கருத்து.

வரியையும் அறிந்து வையுங்கள். வெளிநாட்டுக்குச் சேவை வழங்கி வெளிநாட்டு நாணயத்தில் வங்கி மூலம் பெறும் வருமானத்துக்கு முன்னர் விலக்கு இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அது வரிக்குட்பட்டது. உச்ச வீதம் 15 சதவீதம். வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரையான வருமானத்துக்குத் தனிநபர் விலக்கு இருப்பதால் என்போன்ற சிறு தளத்தினருக்கு வரி வராது. ஆனாலும் வேறு வருமானமும் உள்ளவர்கள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். ஒரு சீஆர் கொப்பியில் மாதாமாதம் எழுதி வருவது நல்லது.

எந்த விளம்பரத்துக்கு இடம் கொடுப்பது?

எனது தளத்தில் என்ன விளம்பரம் வரும் என்பதை நான் ஒவ்வொன்றாகத் தெரிவு செய்வதில்லை. அது ஏலத்தில் தானாக வருவது. ஆனால் எவை வரக்கூடாது என்று தடுக்கும் வசதி உண்டு. பந்தயம், சோதிடம், மெலிவு மருந்துகள், துணை தேடும் சேவைகள் போன்ற பிரிவுகளை ஆரம்பத்திலேயே தடுத்து வைத்தேன். பிள்ளைகளுக்கான தளம் என்றும் குறித்தேன். அப்படிக் குறித்தால், பார்ப்பவர் இணையத்தில் எங்கெங்கே போனார் என்று பின்தொடர்ந்து காட்டும் விளம்பரங்கள் வரமாட்டா. வருமானமும் குறையும். ஆனால் இது விளையாட்டான விடயம் அல்ல. பிள்ளைகளின் தகவல்களைப் பெற்றோர் அனுமதியின்றித் திரட்டியதற்காக 2019 செப்டெம்பரில் யூரியூப்பும் கூகுளும் அமெரிக்காவில் 170 மில்லியன் டொலர் கட்ட வேண்டி வந்தது.

இவ்வளவும் செய்திருந்தும் ஒரு நாள் கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் தொலைபேசி எடுத்தார். “டீச்சர், குறை நினையாதையுங்கோ. உங்கட பக்கத்தில கடன் விளம்பரம் வருகுது. அஞ்சு நிமிசத்தில காசு எண்டு போட்டிருக்கு. நான் ஏற்கெனவே குழுக்கடன் எடுத்துப் பட்ட பாடு போதும். டீச்சரின்ர பக்கத்தில வந்தபடியால் நல்லதாக்கும் எண்டு நினைச்சு அமத்திப் பார்த்திட்டன்” என்றார்.

அன்றிரவு நான் கணக்கைத் திறந்து பார்த்தேன். கைத்தொலைபேசி மூலம் உடனடிக் கடன் தரும் விளம்பரங்கள் அந்த மாதம் நிறைய வந்திருந்தன. அவை நல்ல விலையும் கொடுத்திருந்தன. அவற்றை நிறுத்தினால் மாத வருமானத்தில் நாலிலொரு பங்கு குறையும் போலிருந்தது.

என் கணவர் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு, “அது சட்டப்படி வாற விளம்பரம்தானே? பேப்பரிலயும் வருகுது, ரீவியிலயும் வருகுது. நீர் ஏன் மறிக்கிறீர்?” என்று கேட்டார்.

“பேப்பரில வந்தால் பேப்பர்காரர் போட்டது எண்டு சனம் நினைக்கும். இதில வந்தால் டீச்சர் போட்டது எண்டெல்லோ நினைக்கினம்” என்றேன்.

அவர் சற்று யோசித்துவிட்டு, “அப்ப மறியும்” என்றார்.

நுண்கடன் என்ற பெயரில் வாரந்தோறும் தவணை கட்ட முடியாமல், நகையை அடகு வைத்து, பின்னர் அந்த அடகை மீட்க இன்னொரு கடன் எடுத்து, வீட்டை விட்டே ஒளித்துத் திரிந்த பெண்களை வடக்கிலும் கிழக்கிலும் நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அந்தப் படுகுழிக்கு வழிகாட்டும் பலகையை எனது பக்கத்தில் நட்டு, அதற்குக் கூலி வாங்க எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு விளம்பரதாரரின் முகவரியாகக் குறித்துத் தடுத்தேன். புதிது புதிதாக வந்துகொண்டேயிருந்ததால் இன்றும் வாரத்துக்கு ஒரு தடவை இதைப் பார்க்கிறேன். வருமானம் எதிர்பார்த்தபடியே குறைந்தது. அந்தத் தாய் இப்போதும் மகனுக்காகத் தாள்களைப் பெறுகிறார்.

மற்றவர்களின் அனுபவம்

இணைய விளம்பரத்தில் பெருந்தொகை உழைத்தவர்கள் இல்லாமலில்லை. பிரித்தானியாவைச் சேர்ந்த அலெக்ஸ் டியூ என்ற 21 வயது மாணவர், பல்கலைக்கழகச் செலவுக்காக 2005 ஓகஸ்டில் ஒரே பக்கம் கொண்ட தளம் ஒன்றை அமைத்தார். அப்பக்கத்தைப் பத்து இலட்சம் புள்ளிகளாகப் பிரித்து, ஒரு புள்ளி ஒரு டொலர் என்று விளம்பரத்துக்கு விற்றார். 2006 ஜனவரிக்குள் எல்லாம் விற்று 10,37,100 டொலர் சேர்ந்தது. இந்தச் செய்தி வெளியானதும் உலகெங்கும் அதே போன்ற தளங்கள் முளைத்தன. எவரும் அவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. புதுமை ஒரு முறைதான் விற்கும். “அவர் உழைத்தார், நீங்களும் உழைக்கலாம்” என்று சொல்பவர்கள் கதையின் இந்தப் பின்பாதியைச் சொல்வதில்லை.

பெண்கள் அறிய வேண்டிய இன்னொரு கதை அமெரிக்காவைச் சேர்ந்த ஹெதர் ஆம்ஸ்ட்ரோங்குடையது. 2001இல் தனது வாழ்க்கையைப் பற்றி ‘டூஸ்’ என்ற தளத்தில் எழுதத் தொடங்கினார். வேலைத்தலத்தைப் பற்றி எழுதியதால் 2002இல் வேலையை இழந்தார். பின்னர் தாய்மையையும், மகப்பேற்றின் பின் தமக்கு வந்த மனச்சோர்வையும் ஒளிவுமறைவின்றி எழுதினார். 2004இல் விளம்பரங்களை ஏற்றார். அந்த வருமானத்தில் குடும்பமே வாழ்ந்தது. கணவரும் வேலையை விட்டு அதில் இணைந்தார். தாய்மாரின் அன்றாடப் பாடுகளுக்கும் வாசகர் உண்டு, அதற்கு வணிகர்கள் விலை கொடுப்பர் என்பதை உலகுக்குக் காட்டியவர் அவர். ஆனால் வீடும் பிள்ளைகளும் குடும்பச் சண்டையும் எல்லாமே எழுத்தாகி வருமானமாகும்போது, முகமறியாதவர்களின் ஏச்சையும் சேர்த்தே வாங்க வேண்டியிருந்தது. மனச்சோர்வும் அவரை விடவில்லை. 2015இல் அவர் அத்தொழிலிலிருந்து ஒதுங்கினார். பின்னர் மீண்டும் எழுதினார். 2023 மே மாதம் தமது 47ஆவது வயதில் காலமானார்.

எனது தளத்தில் என் பேரப்பிள்ளைகளின் படம் ஒன்றுகூட இல்லை. கையெழுத்துக்கு மாதிரியாக வைக்கும் தாளில்கூட உண்மையான பிள்ளையின் பெயரை எழுதமாட்டேன். பிள்ளையின் சிரிப்பை இன்று பணத்துக்காகப் பலரும் பார்க்க வைத்தால், அந்தப் பிள்ளை வளர்ந்து கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவள் தாய்தான்.

ஏமாறாமல் இருக்க

“எங்கள் விளம்பரங்களைச் சொடுக்கினால் ஒரு சொடுக்குக்கு இவ்வளவு தருகிறோம்” என்பார்கள். முதலில் ஐந்நூறோ ஆயிரமோ உண்மையாகவே தருவார்கள். பின்னர் “உயர்ந்த படிக்குப் போக வைப்புப் பணம் கட்டுங்கள்” என்பார்கள். கட்டிய பணம் திரும்பாது. “நீங்கள் நாலு பேரைச் சேர்த்தால் உங்களுக்கு ஒரு பங்கு” என்று சொன்னால் அது பிரமிட் திட்டம். அவ்வாறான திட்டங்களை நடத்துவதும் ஊக்குவிப்பதும் எமது நாட்டில் 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழிற் சட்டத்தின் 83சி பிரிவின்படி குற்றம். ஒன்றை நினைவில் வையுங்கள்: உண்மையான விளம்பரத் திட்டத்தில் பணம் எம்மிடம் வரும். எம்மிடமிருந்து பணம் கேட்க மாட்டார்கள்.

அன்பினால் வரும் ஆபத்தும் உண்டு. எங்கள் பகுதியில் ஒரு தங்கச்சி பலகாரக் குறிப்புகள் எழுதித் தளம் நடத்தினார். கெட்டிக்காரி. அவருக்கு உதவுவதாக நினைத்து மச்சாள்மாரும் சித்தி பிள்ளைகளும் தினமும் பக்கத்தைத் திறந்து விளம்பரங்களை அமத்தினார்கள். சில வாரங்களில் கணக்கு மூடப்பட்டது. சேர்ந்திருந்த பணமும் விளம்பரதாரர்களுக்குத் திருப்பப்பட்டது. தன் தளத்து விளம்பரத்தைத் தானே சொடுக்குவதும், பிறரைச் சொடுக்கச் சொல்வதும் விதிமீறல். எனவே தளம் ஆரம்பித்ததும் முதலில் வீட்டாருக்கும் உறவினருக்கும் சொல்ல வேண்டியது, “வாசியுங்கோ, விளம்பரத்தில மட்டும் கை வையாதையுங்கோ” என்பதே.

இன்னொரு சகோதரிக்கு ஒரு கணனி நிலையம் தளம் அமைத்துக் கொடுத்தது. முகவரியை நிலையத்துக்காரர் தமது பெயரிலேயே பதிந்திருந்தார். மூன்று வருடங்களின் பின் இவர் தளத்தை வேறிடத்துக்கு மாற்றக் கேட்டபோது, பெருந்தொகை கேட்டார். மூன்று வருட எழுத்து அவர் கையில். ஆகவே யார் அமைத்துத் தந்தாலும் முகவரிப் பதிவு, கடவுச்சொல், மின்னஞ்சல் மூன்றும் உங்கள் பெயரிலும் உங்கள் கையிலும் இருக்க வேண்டும்.

ஒன்றையே நம்பியிருக்கலாமா?

எனது வாசகர்களில் பெரும்பாலோர் கூகுளில் தேடியே வருகிறார்கள். விளம்பரமும் கூகுளுடையது. வழியும் அவருடையது, சந்தையும் அவருடையது என்றால் எமது பிடி எங்கே? 2024 மே மாதம் அமெரிக்காவில் கூகுள், தேடலுக்கான பதிலைச் செயற்கை நுண்ணறிவு மூலம் மேலேயே சுருக்கிக் காட்டத் தொடங்கியது. பின்னர் வேறு நாடுகளுக்கும் அதை விரித்தது. பதில் அங்கேயே கிடைத்தால் எமது பக்கத்தைத் திறக்க வேண்டிய தேவை பலருக்கு இல்லை. தளம் நடத்துவோர் உலகெங்கும் இது குறித்து முறையிடுகின்றனர். இணைய விளம்பரச் சந்தையின் சில பகுதிகளில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் செலுத்துகிறது என்று 2025 ஏப்ரலில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. பெரியவர்களின் வழக்கு நடக்கட்டும். சிறியவர்கள் நாம் எமது பாதுகாப்பைப் பார்க்க வேண்டும்.

நான் இரண்டு வழிகளைக் கையாளுகிறேன். ஒன்று, உள்ளூர் விளம்பரம். எங்கள் பட்டணத்துப் புத்தகக் கடை ஒன்றும் பாடசாலைச் சீருடை தைத்துக் கொடுக்கும் ஒரு பெண்ணும் எனது தளத்தில் மாதக் கட்டணத்துக்கு இடம் எடுத்திருக்கிறார்கள். ரூபாவில் பேசி, பற்றுச்சீட்டு எழுதி, கையில் வாங்குகிறேன். 100 டொலர் வரை காத்திருக்கத் தேவையில்லை. யாருடைய விளம்பரம் என்பது எனக்கும் தெரியும், வாசகருக்கும் தெரியும். அதற்கு மேல் ‘விளம்பரம்’ என்று தெளிவாக எழுதிவிடுகிறேன். மற்றது, தாள்களைத் தொகுத்துச் சிறு பயிற்சிக் கொப்பியாக அச்சிட்டு அதே புத்தகக் கடையில் வைத்திருக்கிறேன். தளம் ஒரு நாள் நின்றாலும் கொப்பி நிற்காது.

தொடங்க நினைப்பவர்களுக்கு

உங்களுக்கு உண்மையாகத் தெரிந்த ஒரு விடயத்தைத் தெரிவு செய்யுங்கள். தையல் அளவு வெட்டத் தெரிந்தவர் அதை எழுதலாம். ஒடியல் கூழுக்கு ஒடியல் மாவை எப்படி ஊறவைத்துக் கசப்பு நீக்குவது என்று தெரிந்தவர் அதை எழுதலாம். வீட்டுத்தோட்டத்தில் மிளகாய்க்கு வரும் நோயைத் தன் கையால் மாற்றியவர் அதை எழுதலாம். எல்லோரும் எழுதுவதை எழுதினால் எவரும் தேடி வரமாட்டார்கள்.

வேலையை விட்டுவிட்டோ கடன் எடுத்தோ இதில் இறங்காதீர்கள். முதல் வருடம் வருமானம் இல்லை என்றே நினைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு இரண்டு ஆக்கங்களாவது தவறாமல் இடுங்கள். பெரும்பாலானோர் கையடக்கத் தொலைபேசியில்தான் பார்க்கிறார்கள் என்பதால் எழுத்து பெரிதாகவும் படங்கள் சிறிதாகவும் இருக்கட்டும். பக்கம் முழுவதும் விளம்பரத்தை நிரப்பி வாசகரைத் திணறடிக்காதீர்கள். வாசகர் வருவது எழுத்துக்காக. விளம்பரம் வாழ்வது வாசகரால்.

ஒரு மாதத்து டியூசன் வகுப்பில் நான் இதைவிடக் கூடுதலாக உழைத்திருக்க முடியும் என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் வகுப்புக்குக் கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கும் எனது தாள் போகிறது. அதற்கான செலவை எங்கோ ஒரு வணிகர் விளம்பரக் கட்டணமாகக் கொடுக்கிறார். பிள்ளைக்குப் பாடம், வணிகருக்கு விளம்பரம், எனக்கு மருந்துச் செலவு. மூவருக்கும் தீங்கில்லாதபடி இந்தக் கணக்கு நேராக இருக்கும்வரை, இச்சிறு தொழிலை ஒரு பெண் தைரியமாகச் செய்யலாம், சகோதரிகளே.